ஊருக்கெல்லாம் சாட்சி, வீட்டில் மட்டும் மௌனம்

கேள்வி:

எனக்கு 41 வயது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை. இருபது வயதில் தொட்ட குடி, கடைசி ஐந்தாறு வருடத்தில் காலையில் எழுந்ததும் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரு தடவை இரண்டு நாள் குடிக்காமல் இருந்தபோது உடம்பெல்லாம் நடுங்கி, அங்கே இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் இருந்தேன். திரும்பி வந்ததும் பட்டறையில் கூட வேலை பார்க்கும் ஓர் அக்கா காரைக்குடியில் தான் போகும் சபைக்குக் கூட்டிப் போனார். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இயேசு என்னைத் தொட்டார். அன்றிலிருந்து எட்டு மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. தூக்கம் வருகிறது, பசிக்கிறது, சம்பளம் வீட்டுக்கு வருகிறது.

இந்த அன்பை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று மனசு துடிக்கிறது. தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் என்று சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். வாரத்தில் நான்கு நாள் போகிறேன். ஆனால் என் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. தம்பிக்கு 36 வயது, என்னைவிட மோசமாகக் குடிக்கிறான், இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது. 'மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு வா' என்றேன், சண்டை போட்டுவிட்டான். மனைவி சபைக்கு வருவதில்லை. கொப்புடையம்மன் கோயிலுக்குத்தான் போவாள். 'அப்ப ராத்திரி பத்து மணிக்குக் குடிச்சிட்டு வந்தீங்க, இப்ப ராத்திரி பத்து மணிக்குக் குடிக்காம வர்றீங்க' என்கிறாள். பத்தாவது படிக்கும் மகள் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. விசுவாசம் இல்லாததால்தான் இப்படி இருக்கிறார்களா?

ஆஸ்பத்திரியில் மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். போகவில்லை, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். போனால் ஆண்டவரை நம்பாதது போல ஆகிவிடாதா? நீங்கள் எந்த மதம், உங்களுக்கு இயேசு மேல் நம்பிக்கை உண்டா என்பதையும் சொல்லுங்கள். இன்னொன்று, திருவிருந்தில் தரும் திராட்சை ரசத்தை நான் குடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் தம்பியைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு உடம்பிலேயே தெரியும். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், நாடி தாறுமாறாக ஓடும். நீங்கள் இல்லாத ஆட்களோடு பேசியது அதுதான். வைத்தியம் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் உயிர் போவதும் உண்டு. ஏற்கெனவே வலிப்பு கண்ட ஆளுக்கு அடுத்த முறை நிறுத்தும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். இப்போது நீங்கள் சொன்ன மூன்று நாள் உபவாசத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடி நின்ற முதல் மூன்று நாளும் வெறும் வயிறும் ஒன்றாக வந்து நிற்கின்றன. நெடுநாள் குடித்த பலர் உடம்பில் பி1 வைட்டமின் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் பட்டினி போட்டால் மூளையே பாதிக்கப்படலாம். வலிப்பு மாத்திரையையும் அதே நாளில் தூக்கிப் போட்டால், மாத்திரை நின்றதாலேயே தனியாக ஒரு வலிப்பு வரலாம்.

அதனால் இன்றைக்கே அவரிடம் போய், மாத்திரை விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுங்கள். ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையில் காட்டலாம், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கம் வராமல் மருந்து கொடுத்து, பி1 ஊசி போட்டுக் குடியிலிருந்து இறக்கினால் ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். வர மாட்டேன் என்றால் வீட்டில் அடைத்துவைத்துச் சரக்கை நிறுத்தும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். 14446 என்ற குடிநோய் உதவி எண்ணில் அவரே பேசலாம், நீங்களும் பேசலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியை வையுங்கள். கையில் இரும்பு திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ 108. ஊரில் யாராவது 'குடியை மறக்கடிக்கும் பொடி, சோற்றில் கலந்துவிடலாம்' என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் கொடுப்பது விளையாட்டில்லை.

சரி, இனி உங்கள் கதைக்கு வருகிறேன்.

உங்களுக்கு நடந்தது உண்மை. அதைச் சந்தேகப்படும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தச் சீமையில் குடிநோய்க்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்குப் பக்தியின் பலம் நன்றாகத் தெரியும். பழனிக்கு நடக்கிறவர்கள், சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் என்று எத்தனையோ பேர், விரதம் முடிகிறவரை டாஸ்மாக் இருக்கும் தெருப் பக்கமே போவதில்லை. கஷ்டம், மாலையைக் கழற்றிய மறுநாள்தான். நீங்கள் அந்த மறுநாளைத் தாண்டி எட்டு மாதம் வந்திருக்கிறீர்கள். இருபது வருடத்துக் குடியைப் பார்த்தால் இது சாதாரணமில்லை.

எப்படி நடந்தது என்று என் தொழிலின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். குடிக்கிறவனுக்குச் சாயங்காலம் ஆறு மணி என்பது ஒரு பள்ளம். அந்த நேரத்துக்கு உங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. வராவிட்டால் 'ஏன் வரலை' என்று கேட்க ஆள் கிடைத்தார்கள். ஊர் முழுக்கக் குடிகாரன் என்று பார்த்த முகத்தை ஒருவர் அன்பாகப் பார்த்துத் தலையில் கை வைத்தார். செய்ததெல்லாம் மன்னிக்கப்பட்டது என்று கேட்டு அழுதீர்கள். குற்ற உணர்ச்சியில் குடித்து, குடித்ததற்காக மறுபடி குற்ற உணர்ச்சி என்று சுற்றிக்கொண்டிருந்த செக்கு அந்த அழுகையில் நின்றிருக்கிறது. இதைச் சொல்வதால் ஆண்டவரின் பங்கைக் குறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் எந்த வழியாக வந்தார் என்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அந்த எண்ணிக்கையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நீங்கள் மேடையில் சொல்லும் சாட்சியில் ஆஸ்பத்திரி வார்டு வருகிறதா? அந்த ஒரு வாரம் டிரிப் ஏற்றி, கட்டிலைவிட்டு விழாமல் பார்த்து, படுக்கையை மாற்றிய நர்ஸ்கள் இல்லாவிட்டால் பாஸ்டர் கை வைப்பதற்குத் தலையே இருந்திருக்காது. கேட்க வந்திருப்பவர்களில் உங்கள் தம்பியைப் போல நாலு பேர் இருப்பார்கள். வார்டை விட்டுவிட்டுச் சொன்னால் அவர்கள் அதையும் விட்டுவிட்டுத்தான் முயற்சி செய்வார்கள்.

மறுபடி டாக்டரிடம் போவது அவிசுவாசமா என்று கேட்டீர்கள். நீங்கள் தினமும் படிக்கும் புத்தகத்திலேயே, மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசியில், ஒரு குஷ்டரோகி சுகமாகிறான். 'ஒருவருக்கும் சொல்லாதே, நேராகப் போய் ஆசாரியனிடம் காட்டு' என்கிறார் இயேசு. அந்தக் காலத்தில் நோய் தீர்ந்துவிட்டது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. குணமாக்கியவரே, போய்ச் சோதித்துக்கொள் என்று அனுப்புகிறார். அந்த ஆள் என்ன செய்தான்? போகிற வழியெல்லாம் ஊருக்குச் சொன்னான். அதனால் இயேசுவே பட்டணத்துக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தங்க வேண்டியதாயிற்று. நன்றி மிகுந்துதான் சொன்னான், பாவம். ஆனால் இடைஞ்சல் வந்தது அந்த நன்றியால்தான். பவுல் தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு 'இன்னும் ஜெபி' என்று மட்டும் எழுதவில்லை, அந்தக் காலத்து மருந்தைச் சொல்லி எழுதினார். கூடவே பயணம் செய்த லூக்கா வைத்தியர்.

ஆகவே போங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிலது தானாகவே நின்றிருக்க வேண்டியதாக இருக்கும், சிலது இன்னும் தேவைப்படும், அதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். குடியை விட்டு ஒரு வருடத்துக்குள் காரணமில்லாத சோர்வும் எரிச்சலும் பலருக்கு வரும். அது வந்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாமல் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் பட்டறையில் கண்ணாடி மேல் கலர் ஊற்றி, அச்சிலிருந்து எடுத்ததுமே கல் பளபளவென்றுதான் இருக்கும். ஆனாலும் தொட்டித் தண்ணீரில் நாள் கணக்காக ஊறாமல் நீங்கள் அதை வண்டியில் ஏற்ற விடுவதில்லை. எட்டு மாதக் குணத்துக்கும் அந்தத் தொட்டி வேண்டும்.

இதே மாதிரி ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். 1934 டிசம்பரில் நியூயார்க்கில் பில் வில்சன் என்ற குடிநோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். குடியை விட்ட பழைய நண்பர் ஒருவர் கிறிஸ்தவக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார், அவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். கடவுள் இருந்தால் தன்னைக் காட்டட்டும் என்று பில் கதறினார். அறை முழுக்க வெளிச்சம் நிறைந்தது போலவும் காற்று தன்னைக் கடந்து போனது போலவும் இருந்தது என்று பின்னால் சொன்னார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவேயில்லை. வெளியே வந்தவர் உங்களைப் போலவே துடித்தார். கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் பிடித்துத் தன் அனுபவத்தைச் சொன்னார், வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டார். மாதக் கணக்கில் பாடுபட்டும் ஒருவர்கூடத் தேறவில்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த் ஒரு யோசனை சொன்னார்: பிரசங்கத்தை நிறுத்து, முதலில் இது ஒரு நோய் என்பதைச் சொல், உனக்கு என்ன ஆயிற்று என்று பேசு.

1935 மே மாதம் வேலை நிமித்தமாக ஏக்ரன் என்ற ஊருக்குப் போன இடத்தில், காரியம் கைகூடாமல் மனம் உடைந்து, தங்கியிருந்த ஹோட்டல் மதுக்கூடத்தின் பக்கம் பில்லின் கால் இழுத்தது. இப்போது இன்னொரு குடிநோயாளியோடு பேசாவிட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியது. ஊரில் தேடிப் பிடித்த ஆள் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், டாக்டர் பாப். உன்னைத் திருத்த வந்தேன் என்று பில் சொல்லவில்லை. எனக்கு உங்கள் உதவி தேவை என்று உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். கால் மணி நேரம் என்று உட்கார்ந்த டாக்டர் மணிக்கணக்கில் கேட்டார். இடையில் ஒரு முறை சறுக்கினார், அதன் பிறகு அந்த ஜூன் 10 அன்று அவர் குடித்ததுதான் கடைசி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்) என்று இன்று உலகம் முழுக்க, தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்களுக்கு அந்த நாள்தான் பிறந்த நாள். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடைசிப் படியே, பெற்றதை மற்றக் குடிநோயாளிக்குக் கொண்டுபோவதுதான். எனவே உங்கள் துடிப்பு தவறில்லை, அதுவே மருந்தின் ஒரு பகுதி. எந்தத் தொனியில் கொண்டுபோகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தம்பியிடம் நீங்கள் போனது முதல் ஐந்தாறு மாதத்து பில்லாக.

சபையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் இருக்கலாம். அங்கே ஒரு வசதி உண்டு. 'இன்றைக்குக் குடிக்கத் தோன்றியது' என்று எழுந்து சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'ஆண்டவர் என்னைப் பூரணமாக விடுவித்தார்' என்று நாற்பது மேடையில் சொன்ன ஒருவர், நாற்பத்தோராவது நாள் நாக்கு ஊறினால் யாரிடம் போய்ச் சொல்வார்? என் பெரிய கவலை இதுதான். குடியை விட்டவர்களில் பலர் ஒரு தடவையாவது சறுக்குகிறார்கள். சறுக்கியவர் அன்றே யாரிடமாவது சொன்னால் ஒரு நாளோடு முடியும், வெட்கப்பட்டு மறைத்தால் பழையபடி மாதக் கணக்கில் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு 'அண்ணே, கடை வாசல்ல நிக்கிறேன்' என்று போன் போட ஓர் ஆள் வேண்டும். அவர் பாஸ்டராகவும் இருக்கலாம், பட்டறை அக்காவாகவும் இருக்கலாம். யாரென்று இந்த வாரமே முடிவு செய்து அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். சாட்சியில் 'விடுதலையாகிவிட்டேன்' என்ற இடத்தில் 'எட்டு மாதமாக ஆண்டவர் என்னைத் தாங்குகிறார்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய்யும் இல்லை, நாளைக்கு அது உங்களைச் சிக்கவைக்கவும் செய்யாது.

மகளைப் பற்றி எழுதியதை இரண்டு மூன்று தடவை படித்தேன். சாட்சியில் என்னென்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கூட்டங்களில் பொதுவாக எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்ததுதான். இருட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரியும் என்பதால், பழைய நாள்கள் மேடைக்கு மேடை இன்னும் மோசமாகிக்கொண்டே போகும். மனைவியை அடித்தது, தாலியை அடகு வைத்தது, பிள்ளை பட்டினி கிடந்தது எல்லாம் வரும். நீங்களும் சொல்லியிருந்தால், அது உங்கள் கதை மட்டும் இல்லை தம்பி. அடி வாங்கியது அவர்கள். திருப்பத்தூர்க் கூட்டத்தில் கேட்ட ஒருவர் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். நம் பக்கத்து ஊர்களில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். உங்களுக்கு அந்த நாள்கள் மன்னிக்கப்பட்டுவிட்டன. அவளுக்கு அவை மைக்கில் மறுபடி மறுபடி நடக்கின்றன. பதினைந்து வயதில் அதைத் தாங்குவது எவ்வளவு கடினம்!

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: மனைவியும் மகளும் சரி என்று சொன்னதை மட்டும் மேடையில் சொல்வது. அவர்கள் ஒன்றுமே வேண்டாம் என்றால் உங்கள் நடுக்கம், உங்கள் பயம், உங்கள் அழுகை போதும். அப்புறம், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? ஆண்டவரிடம் கேட்டதைச் சொல்லவில்லை, அடுப்படியில் நின்று, பெயர் சொல்லி, இன்ன நாள் இப்படிச் செய்தேன் என்று கேட்பதைச் சொல்கிறேன். கேட்டதும் மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருபது வருடம் 'இனிக் குடிக்க மாட்டேன்' என்ற சத்தியத்தைக் கேட்டவர்கள் எட்டு மாதத்தில் நம்பாதது அவிசுவாசம் இல்லை, அனுபவம். சம்பளக் கவர் பிரிக்காமல் வருவது, ராத்திரி ஏழு மணிக்கு வீட்டில் இருப்பது, மகளின் கணக்கு நோட்டு எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று தெரிவது, இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் அது தேறும்.

மனைவி சொன்ன அந்தப் பத்து மணிக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் உங்கள் இயேசுவைக் குறை சொல்லவில்லை, நீங்கள் வீட்டில் இல்லை என்கிறார். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தையும் இதோடு படியுங்கள். கல்லறைகளில் கிடந்து, சங்கிலியை அறுத்து, கல்லால் தன்னையே காயப்படுத்திக்கொண்ட ஒருவன் புத்தி தெளிகிறான். படகில் ஏறப் போன இயேசுவிடம், 'நானும் கூட வருகிறேன்' என்று கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய் உன் சொந்தக்காரர்களிடம் உனக்கு நடந்ததைச் சொல் என்று அனுப்புகிறார். அவன் பத்துப் பட்டணத்துப் பக்கமெல்லாம் போய்ச் சொன்னது அதற்குப் பின்னால்தான். அவன் வீட்டாருக்கும் அவனைக் கண்டு பயந்த வருடங்கள் இருந்திருக்கும். முதல் ராத்திரி கதவைத் திறந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்று வேதத்தில் எழுதவில்லை, நாம் யோசித்துப் பார்க்கலாம். வாரம் நான்கு நாளை இரண்டாகக் குறையுங்கள். தேவகோட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர் வரும். அங்கே போயிருப்பீர்கள். போர்ச்சுக்கலில் பிறந்து நம் மண்ணில் அருளானந்தர் என்று அழைக்கப்பட்ட ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட இடம். அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லி அந்தச் செம்மண்ணை எல்லா மதத்தாரும் அள்ளிப் போகிறார்கள். அந்தக் கதை தொடங்குவதே ஒரு குணமாதலில்தான். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவரின் நோய் ஜெபத்தால் தீர்ந்தது என்பார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்றார், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதிக்கு உறவு. அவர் போய் முறையிட்ட பிறகுதான் அருளானந்தர் பிடிபட்டார். அருளானந்தருக்கு 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அந்த விலக்கப்பட்ட பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று திருவிழாவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆண் ஒருவர் குணமாகும்போது வீட்டுப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது என் தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி கொப்புடையம்மனிடம் போகட்டும். நீங்கள் குடித்துவிட்டுக் கிடந்த வருடங்களில் அவர் யாரிடம் அழுதிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கோயிலைக் குறைத்து ஒரு வார்த்தை பேசினால், அவருக்கு அந்த வருடங்களில் இருந்த ஒரே துணையைக் குறைத்தது போலாகும். உங்கள் மனச்சாட்சிப்படி நீங்கள் இயேசுவைத் தேடிப்போக உரிமை இருக்கிற மாதிரி, போகாமல் இருக்க அவருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு நாள் அவரே சபைக்கு வந்தால் வரட்டும், வராமலே போனாலும் உங்கள் குணம் குறைந்துவிடாது.

'விசுவாசம் இல்லாததால்தான்' என்ற பேச்சையே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்றொரு டாக்டர் இருந்தார். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. பக்தி மிகுந்த கிறிஸ்தவர், அவருக்காக ஜெபித்தவர்களுக்கும் குறைவில்லை. கால்கள் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், பிறகு முடங்கியவர்களுக்கு மறுவாழ்வு தரும் பிரிவையே அங்கே உருவாக்கினார். அவர் விசுவாசத்தில் என்ன குறை கண்டுபிடிப்பீர்கள்? நம் மாவட்டத்திலேயே மானாமதுரைப் பக்கம் தயாபுரத்தில் மிஷன்காரர்கள் தொழுநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். வீட்டார் தொடத் தயங்கிய காயத்துக்கு அங்கே கட்டுப்போட்டார்கள். இந்தப் பக்கத்தில் கிறிஸ்துவின் அன்பு என்று ஜனங்கள் நினைவு வைத்திருப்பதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான். தம்பியைச் சேர்க்கும்போது வார்டில் நாலு நாள் ராத்திரி துணைக்கு இருங்கள். அதைவிட நல்ல சாட்சி உங்களால் சொல்ல முடியாது. பைபிளைக் கையில் வைத்திருங்கள், அவர் கேட்டால் படித்துக் காட்டுங்கள், கேட்காவிட்டால் கஞ்சி வாங்கி வந்து கொடுங்கள்.

நான் எந்த மதம் என்று கேட்டீர்கள். சொன்னால் இந்தப் பதிலில் பாதியை நீங்கள் அதை வைத்தே எடைபோட்டுவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. கோபம் வேண்டாம்.

கடைசியாகத் திருவிருந்து. பல சபைகளில் கொடுப்பது புளிக்காத திராட்சைச் சாறுதான், சிலவற்றில் உண்மையான ஒயின் தருகிறார்கள். உங்கள் சபையில் எது என்று பாஸ்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒயின் என்றால் எனக்கு வேண்டாம், சாறு வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு மடக்குதானே என்று விடாதீர்கள். அந்த வாசனையும் ருசியும் மூளையில் எதை எழுப்பும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதோடு, குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை டாக்டர் பின்னால் எழுதித் தந்தால், அந்த மடக்கே உடம்புக்கு ஆகாது. சில இருமல் சிரப்பிலும் ஆயுர்வேத அரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கும், வாங்கும் முன் மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.